லைட் போட்டால் ஏறிய வோல்டேஜ்

டிராக்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மறுபடி மூடியைக் கழற்றிப் பார்த்தால் பிளேட் வெளியே தெரிகிறது. ஒரு செல்லில் மட்டும் இல்லை, ஆறிலும் அப்படித்தான். மேல்பக்கமெல்லாம் ஈரம், டெர்மினலில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, பேட்டரி உட்காரும் தட்டில் பெயின்ட் உரிந்து துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பானெட்டைத் திறந்ததும் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம். ஓவர் சார்ஜ் என்று சொல்ல மீட்டர்கூடத் தேவையில்லை. எதனால் ஓவர் சார்ஜ் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

டிராக்டர் பழையது. மூன்று சிலிண்டர் டீசல், 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தனி, அதன் வோல்டேஜை அளவோடு நிறுத்தும் ரெகுலேட்டர் தனி. ரெகுலேட்டர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் ஒரு சின்ன மூடிய பெட்டி. அதில் மூன்று முனை: ஐஜி முனைக்கு சாவி சுவிட்சிலிருந்து வயர் வருகிறது, எஃப் முனையிலிருந்து ஆல்டர்னேட்டரின் ஃபீல்டுக்கு (உள்ளே காந்தத்தை உண்டாக்கும் சுருள்) வயர் போகிறது, ஈ என்பது எர்த். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த வயர் நேராக செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்குப் போய், அங்கிருந்து பேட்டரிக்குப் போகிறது.

முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால், 12 வோல்ட் பேட்டரி பத்தரை வோல்ட் பேட்டரியாகிவிடும். ஆல்டர்னேட்டர் வழக்கமான 14 வோல்ட்டைத்தான் கொடுக்கும், ஆனால் மீதி ஐந்து செல்லுக்கு அதுவே அதிகம். மின்னோட்டம் குறையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், பேட்டரி கொதிக்கும். சார்ஜிங்கில் ஒரு குறையும் இருக்காது. அப்படிப்பட்ட பேட்டரியை வைத்துக்கொண்டு ரெகுலேட்டரை மாற்றினால் எந்தப் பயனும் இல்லை.

அதனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஒரு முறை நன்றாக சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு முழுக்கச் சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளந்தேன். 12.68 வோல்ட். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.270, ஒன்று மட்டும் 1.255. ஷார்ட் ஆன செல் இப்படிக் காட்டாது, அது 1.150-க்கும் கீழே கிடக்கும். செல்ஃப் அடிக்கும்போது 10.2 வோல்ட்டில் நின்றது. கொதித்துக் கொதித்து அடி வாங்கியிருந்தாலும் பேட்டரி நல்ல பேட்டரிதான். ஹைட்ரோமீட்டரைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் விட்டிருந்தால் எல்லா செல்லிலும் 1.300-க்கு மேல் காட்டியிருக்கும். தண்ணீர் போய் ஆசிட் கெட்டியாகிவிட்டதைத்தான் அது காட்டுமே தவிர பேட்டரியின் பலத்தை இல்லை. குறைந்தது தண்ணீர்தான் என்பதால் ஊற்ற வேண்டியதும் தண்ணீர்தான். அங்கே ஆசிட் ஊற்றினால் பிளேட் சீக்கிரம் போய்விடும்.

அடுத்து எஞ்சினை ஓட விட்டு பேட்டரி முனையில் அளந்தேன். பகல் வேளை, பட்டறையில், 1500 ஆர்பிஎம். 14.5 வோல்ட். 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் நிம்மதி. 14.5 கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பத்து நாளில் ஆறு செல்லையும் வற்ற வைக்கும் அளவு அதிகம் இல்லை. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், ரெகுலேட்டர் பலவீனமாகிவிட்டது, வெயிலில் சூடானால் இன்னும் ஏறும் போலிருக்கிறது என்று முடிவு செய்து புதிது வாங்கி மாட்டினேன். மாட்டும்போது ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளப்பான இரும்பில் எர்த் பிடிக்கும்படி இறுக்கினேன். அந்த வேலை வீண் போகவில்லை, பின்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க உதவியது.

புது ரெகுலேட்டரிலும் அதே 14.5. பழையதும் புதியதும் ஒரே எண்ணைக் காட்டினால் குறை ரெகுலேட்டரில் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. இந்த வண்டிக்கு இதுதான் வழக்கம் போல என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் மறுபடி நாற்றம்.

முடிச்சை அவிழ்த்தது என் தம்பி. இரவு உழவு அவன்தான் ஓட்டுகிறான். "ராத்திரி ஓட்டினாத்தான்ணே அந்த நாத்தம் வருது, பகல்ல நாள் முழுக்க ஓட்டினாலும் ஒண்ணும் இல்லை" என்றான். இரவில் காற்று குளிர்ந்திருக்கிறது. சூடுதான் காரணம் என்றால் பகலில்தான் வர வேண்டும். பகலில் இல்லாமல் இரவில் மட்டும் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: விளக்கு.

அன்று இருட்டும்வரை காத்திருக்கக்கூட இல்லை. மீட்டரைப் பேட்டரியில் மாட்டி, எஞ்சினை 1500-இல் நிறுத்தி, ஹெட்லைட் இரண்டையும் பின்னால் இருக்கும் உழவு விளக்கையும் போட்டேன். 14.5 இருந்த இடத்தில் 16.2. அணைத்தால் இறங்குகிறது. போட்டால் ஏறுகிறது.

சாதாரணமாக இது தலைகீழாக இருக்க வேண்டும். லோடு ஏறினால் வோல்டேஜ் ஒரு பொட்டு இறங்கும், ரெகுலேட்டர் சுதாரித்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். லோடு போட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது என்றால் ரெகுலேட்டருக்கு யாரோ பொய்க்கணக்கு காட்டுகிறார்கள் என்று பொருள்.

ஆனால் 16.2 என்ற எண்ணும் முழுக்கச் சரியில்லை. மீட்டரின் மூலையில் பேட்டரிச் சின்னம் மின்னிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் சொந்த பேட்டரி இறங்கிவிட்டால், அது தன் அளவுகோலையே இழந்து, உள்ளதைவிட அதிகமாகக் காட்ட ஆரம்பிக்கும். 9 வோல்ட் பேட்டரியைப் புதிதாகப் போட்டு அளந்தால் விளக்குடன் 15.7. விளக்கில்லாமல் 14.5. ஓவர் சார்ஜ் என்று சந்தேகம் வந்தால் முதலில் மீட்டரின் பேட்டரியைப் பாருங்கள். இல்லாத குறையைத் தேடி வண்டியைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

15.7-ஐ ஆறால் வகுத்தால் ஒரு செல்லுக்கு 2.6 வோல்ட் வருகிறது. செல்லுக்கு 2.4 தாண்டினாலே தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிய ஆரம்பித்துவிடும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை பேட்டரி வயரில் மாட்டிப் பார்த்தேன். முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரிக்குள் 6 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. நிரம்பிய பிறகு உள்ளே போகும் ஒவ்வொரு ஆம்பியர்-மணியும் செல்லுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராம் தண்ணீரைப் பிரித்துவிடும். ஆறு மணி நேர உழவுக்கு 36 ஆம்பியர்-மணி, அதாவது செல்லுக்கு 12 கிராம். பத்து இரவில் 120. பிளேட் வெளியே தெரிந்ததற்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது. இப்படிக் கணக்கு ஒத்துவரும்போது, தேடுகிற இடம் சரிதான் என்ற நம்பிக்கை வருகிறது.

அந்தப் பிரியும் வாயு விஷயத்தில் விளையாடக் கூடாது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். கொதிக்கிற பேட்டரியின் பக்கத்தில் ஸ்பானர் உரசினாலும் போதும். ஆசிட்டோடு சேர்ந்து சிதறும். பானெட்டைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காற்றாட விட்டேன், கண்ணாடி போட்டுக்கொண்டேன், வயரைக் கழற்றும்போதெல்லாம் எஞ்சினை நிறுத்திவிட்டு நெகட்டிவை முதலில் எடுத்தேன். இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி "சார்ஜ் வருதா" என்று பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்திலிருந்து வருகிறது. டீசல் எஞ்சின் பேட்டரி இல்லாமலும் ஓடும் என்பதால் செய்துபார்க்கத் தோன்றும். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்டேஜ் ஒரே தாவலில் எகிறி, ஏசியை டிசியாக்கும் டையோடையும் ரெகுலேட்டரையும் கொண்டுபோய்விடும். செய்யவே செய்யாதீர்கள்.

அடுத்த கேள்வி, ஆல்டர்னேட்டர் தானாகவே ஏற்றுகிறதா, இல்லை ரெகுலேட்டர் சொல்லித்தான் ஏற்றுகிறதா என்பது. எஞ்சினை நிறுத்தி, எஃப் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். 12.7 வோல்ட், எவ்வளவு முறுக்கினாலும் ஏறவில்லை. அப்படியென்றால் ஆல்டர்னேட்டருக்குள் ஃபீல்டு எங்கேயும் பாசிட்டிவோடு ஒட்டிக்கொள்ளவில்லை. ரெகுலேட்டர் கொடுப்பதால்தான் ஏறுகிறது. ரெகுலேட்டர் எர்த் பக்கத்தைக் கட்டுப்படுத்தும் வகை வண்டிகளும் உண்டு. அவற்றில் எஃப் வயர் எங்காவது உரசி பாடியில் பட்டாலே முழு சார்ஜ் ஏறிவிடும், அங்கே தேட வேண்டிய இடம் வேறு. எஃப் வயரைத் திரும்ப மாட்டி, மீட்டரை ஏசிக்கு மாற்றி ஒரு முறை பார்த்தேன், 0.1-க்கும் கீழே. டையோடும் சரி.

இனி ரெகுலேட்டரின் வாசலிலேயே போய் அளக்க வேண்டியதுதான். கருப்பு முனையை ஈ-யிலும் சிவப்பை ஐஜி-யிலும் வைத்தேன். விளக்கில்லாமல் 14.07. விளக்கைப் போட்டேன். அதே 14.07. பேட்டரியில் 15.7 காட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில்.

அந்த எண் அசையாமல் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ரெகுலேட்டருக்கு பேட்டரி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. தன் ஐஜி முனைக்கு வந்து சேரும் வோல்டேஜை 14.1-இல் நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை, அதை அது இம்மி பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது. வழியில் ஒன்றரை வோல்ட் தொலைந்தால், அந்த ஒன்றரையையும் சேர்த்துக் கொடு என்று ஆல்டர்னேட்டரை விரட்டும். ஆல்டர்னேட்டர் கொடுக்கும், பேட்டரி அதை முழுசாக வாங்கிக்கொள்ளும். பழைய ரெகுலேட்டரும் இதைத்தான் செய்திருக்கிறது.

இன்னொரு தடயமும் அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் கொதித்தும் ஹெட்லைட் பல்பு ஒன்றுகூட ஃபியூஸ் ஆகவில்லை. வண்டி முழுக்க 15.7 ஓடியிருந்தால் பல்பு தாங்கியிருக்காது. விளக்கின் கனெக்டரில் அளந்தேன், 13.8. ஆக, வோல்டேஜ் தொலையும் இடம் விளக்குக்கும் ரெகுலேட்டருக்கும் பொதுவான பாதையில், அவை இரண்டும் பிரிவதற்கு முன்னால் இருக்கிறது. பேட்டரி கொதிக்கிறது, ஆனால் பல்பு போகவில்லை என்றால் இந்தப் பாதையைத்தான் முதலில் பார்ப்பேன்.

தொலையும் இடத்தைப் பிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் நிரந்தரமாக வைத்துவிட்டு, எஞ்சினும் விளக்கும் ஓட, கருப்பு முனையைப் பாதை நெடுக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அதுவரை எவ்வளவு தொலைந்தது என்று மீட்டர் நேராகச் சொல்லிவிடும். ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வயர் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃப் மோட்டார் போல்ட்டில் 0.03. அங்கிருந்து கிளம்பும் வயர் ஃபியூஸ் ஹோல்டருக்குள் நுழையும் இடத்தில் 0.06. ஃபியூஸ் ஹோல்டரின் மறுபக்கம், 1.41.

முன்பக்கம் 0.06, பின்பக்கம் 1.41. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நீளம்கூட இல்லை. மீதி வழியையும் முடித்துவிடுவோம் என்று போனேன். சாவி சுவிட்சுக்குள் 1.44, வெளியே 1.55, ரெகுலேட்டரின் ஐஜி-யில் 1.58. பேட்டரி நெகட்டிவுக்கும் ரெகுலேட்டர் பாடிக்கும் நடுவில் 0.05-தான். பெயின்டைச் சுரண்டி வைத்ததால் எர்த் பக்கத்தில் தேட ஒன்றும் இல்லை. எர்த் கெட்டிருந்தாலும் இதே மாதிரிதான் பேட்டரி கொதித்திருக்கும், அதனால் அந்தப் பக்கத்தையும் அளக்காமல் விடக் கூடாது.

எஞ்சினை நிறுத்தி ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. பொதுப்பாதையில் ஹெட்லைட், உழவு விளக்கு, ஃபீல்டு, மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து 13 ஆம்பியர் அளவுக்குப் போகிறது. அதில் 1.35 வோல்ட் தொலைந்தால் 17 வாட்டுக்கு மேல் வெறும் சூடு. ஒரு சாலிடரிங் இரும்பின் சூடு அந்தப் பிளாஸ்டிக்குக்குள் அடைந்து கிடந்திருக்கிறது. ஃபியூஸை உருவினேன், ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஹோல்டரின் ஒரு பக்கம் பழுப்பேறி உப்பியிருந்தது. உள்ளே தகட்டின் கவ்வு சூட்டில் தளர்ந்து வாய் பிளந்து நின்றது, அதன் உதடுகளில் பச்சைக் களிம்பு. வயர் நுழையும் இடத்தில் ரப்பரை உரித்தால் செம்பு கறுத்துப்போய், இழைகளில் பாதி விரலோடு பொடிந்து வந்தது. ஃபியூஸ் மட்டும் நன்றாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

பேட்டரிக்கு நேர் மேலேதான் அந்த ஹோல்டர் இருக்கிறது. கொதித்த பேட்டரியின் ஆசிட் ஆவி அதில் படிந்து களிம்பு ஏற, களிம்பு ஏற ஏற வோல்டேஜ் தொலைய, அது தொலையத் தொலைய பேட்டரி இன்னும் கொதிக்க, ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போயிருக்கின்றன. புது ஹோல்டரை அங்கே மாட்டவில்லை. எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் நிற்கும் தகட்டின் (ஃபயர்வால்) மறுபக்கம், காற்றாடும் இடத்துக்குக் கொண்டுபோனேன். வயரைப் பளிச்சென்று செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனதில் ஒரு சாண் நீளம் போய்விட்டது. அந்த இடத்துக்கு ஒரு நம்பர் தடித்த புது வயர், கிரிம்ப் அடித்த லக், மேலே சுருங்கும் குழாய். சாவி சுவிட்சில் 0.11 தொலைவது பெரிய குறை இல்லை, அதன் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதோடு விட்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். ஆனால் ரெகுலேட்டர் வோல்டேஜ் பார்க்கும் வயரிலேயே மூன்று விளக்கின் லோடையும் ஏற்றி வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு வேறொரு இணைப்பு தளர்ந்தால் இதே கதை திரும்பும். அதனால் விளக்குக்கு ஒரு நாலு பின் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) போட்டேன். 30 என்று எண் போட்ட பின்னுக்கு செல்ஃப் போல்ட்டிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக நேர் வயர், 87-லிருந்து விளக்குக்கு, 86-க்குப் பழைய லைட் சுவிட்சின் வயர், 85-க்கு எர்த். இப்போது சுவிட்சின் வழியாக ரிலே காயிலுக்கு வேண்டிய சொற்ப மின்னோட்டம் மட்டும்தான் போகிறது. விளக்குகளும் முன்பைவிடப் பளிச்சென்று எரிகின்றன.

எல்லாம் முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் பேட்டரித் தட்டையும் டெர்மினலையும் கழுவி, நுரை அடங்கியதும் நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, டெர்மினலில் வாஸ்லைன் தடவினேன். கழுவும்போது மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆசிட்டைக் கெடுத்துவிடும்.

அப்புறம் அளந்தேன். எஞ்சின் 1500, விளக்கில்லாமல் பேட்டரியில் 14.20. விளக்கோடு 14.21. பேட்டரிக்கும் ஐஜி-க்கும் நடுவில் தொலைவது 0.10. கிளாம்ப் மீட்டரில் அரை மணி நேரம் கழித்து பேட்டரிக்குள் போவது 1 ஆம்பியருக்கும் கீழே. பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது: பழைய ரெகுலேட்டரை எடுத்துத் திரும்ப மாட்டினேன். 14.2. ஒரு குறையும் இல்லாததை நான்தான் கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். இப்போது வண்டியில் இருப்பது அதுதான், புதியது எண்ணெய்க் காகிதம் சுற்றிக் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

செல்களில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று பேட்டரியின் பக்கவாட்டில் மார்க்கரால் கோடு போட்டிருந்தேன். அதற்குப் பிறகு தம்பி பன்னிரண்டு இரவு உழுதான். நேற்று காலை இருவரும் டார்ச் அடித்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்தோம். தண்ணீர் இன்னும் கோட்டிலேயே நிற்கிறது. 1.255 காட்டிய செல் 1.260 காட்டுகிறது.